மணிமருந்தின் நிறமும் வேகமும்

வானத்தில் வெடித்து விரியும் பேன்சி ரகப் பட்டாசில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் தனித்து எரியும் ஒரு சிறு உருண்டை. சிவகாசி வட்டாரத்தில் அதற்கு மணிமருந்து என்று பெயர். ரகத்துக்கு ஏற்ப மிளகு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை அது இருக்கும். அதனிடம் எதிர்பார்க்கப்படுவது இரண்டு: குறித்த நிறத்தில் ஒளிர வேண்டும், குறித்த நேரம் எரிந்து, வானிலேயே அணைந்துவிட வேண்டும். இவை இரண்டும் தொடர்பில்லாத குணங்கள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டையும் தீர்மானிப்பது ஒரே சுடர்தான். எரிவேகத்தை மாற்றினால் சுடரின் வெப்பம் மாறும். வெப்பம் மாறினால் நிறம் மாறும். நிறத்துக்காகச் சேர்த்த உப்பு வேகத்தைக் கெடுக்கும். வாணவேடிக்கை வேதியியலின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் படிப்பவருக்கு, அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டாகவே தெரியும்.

அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. காரணம், நிறம் என்று சொல்லத்தக்க ஒன்று அன்று கிடையாது. சீனத்தில் தாங் அரச மரபின் காலத்திலேயே அறியப்பட்ட கரிமருந்தில் இருந்தவை வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும்தான். அந்தக் கலவை தருவது செம்பொன் நிறப் பொறி. இரும்புத் தூள் சேர்த்தால் பொறி கிளைவிட்டுச் சிதறும், அவ்வளவே. 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பூங்காவில், எக்ஸ்-லா-ஷப்பேல் அமைதி உடன்படிக்கையைக் கொண்டாட ஹாண்டல் இசையமைக்க, இத்தாலியிலிருந்து வந்த ருஜ்ஜேரி குடும்பத்தார் நடத்திய பெரும் வாணவேடிக்கையும் பொன்னும் வெள்ளையுமாகத்தான் எரிந்திருக்கும். அந்த விழாவுக்கென்று எழுப்பிய மரமண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றியதுதான் அன்றைய மிகப் பெரிய வெளிச்சம். ஜப்பானின் எடோ காலத்து வாணங்களும் கரிச் சிவப்பைத் தாண்டவில்லை. அதனால் அவை மட்டம் என்று கருதிவிடக் கூடாது. கரி மெதுவாக எரியும். எரிந்தபடி நீண்ட வாலை இழுத்துக்கொண்டு வரும். எந்த மரத்தின் கரி, எவ்வளவு பொடித்தது என்பதை மட்டும் மாற்றிப் பொறியின் நீளத்தையும் நேரத்தையும் ஆண்ட கைத்திறன் அக்காலத்தில் உச்சத்தில் இருந்தது. வேகத்தைப் பற்றி மனிதர் அறிந்ததெல்லாம் நிறம் வருவதற்கு முன்பே அறிந்தவைதான்.

நிறத்துக்கு வாசல் திறந்தது ஒரு புதிய உப்பு. பிரெஞ்சு வேதியியலார் கிளோட் லூயி பெர்தொலே 1780களின் நடுவில் பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்தார். வெடியுப்பைவிட எளிதாக ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும் இந்த உப்பைத் துப்பாக்கி மருந்தில் பயன்படுத்தினால் என்ன என்ற ஆசை உடனே எழுந்தது. 1788 அக்டோபரில் எஸ்ஸோன் மருந்தாலையில் அந்தச் சோதனை நடந்தபோது கலவை வெடித்து இருவர் இறந்தனர். பார்க்க வந்திருந்த லவாசியேயும் அவர் மனைவியும் பெர்தொலேயும் உயிர் தப்பினர். துப்பாக்கிக்கு ஒத்துவராத அந்த உப்பு வாணவேடிக்கைக்குள் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ருஜ்ஜேரி குடும்பத்தின் பாரிஸ் கிளையும், ஷெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரரும் குளோரேட்டோடு உலோக உப்புகளைச் சேர்த்துத் தெளிவான சிவப்பு, பச்சை நிறங்களை வானில் காட்டினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நிறம் எப்படி வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஹைடல்பர்க்கில் பன்சனும் கிர்க்காஃபும் சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கோடுகளை மட்டுமே உமிழ்கிறது என்று நிறுவியது 1859–60இல். கைவினை அறிவியலை முப்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

எரியும் மணிமருந்திலிருந்து ஒளி மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சுடருக்குள் மிதக்கும் திண்மத் துகள்கள் சூடேறி ஒளிர்வது. இரும்புப் பொறியின் பொன்னிறமும் மக்னீசியம், அலுமினியம், டைட்டானியம் ஆகியவற்றின் வெள்ளையும் இவ்வகை. இதில் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலைதான்: குறைந்தால் செம்மஞ்சள், கூடினால் வெள்ளை. இரண்டாவது, ஆவியான அணுக்கள் உமிழும் கோட்டொளி. சோடியத்தின் மஞ்சள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 589 நானோமீட்டரை ஒட்டி நெருங்கி நிற்கும் இரு கோடுகள். மூன்றாவது, சுடருக்குள்ளே கணநேரம் மட்டும் உருவாகி வாழும் மூலக்கூறுகளின் பட்டையொளி. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் இந்த மூன்றாம் வகையில் அடங்குகின்றன. வாணக்காரரின் தலைவலியும் இங்கேதான்.

சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். ஆனால் ஒளிர்வது ஸ்ட்ரான்சியம் அணு அன்று. சுடரில் அது குளோரினோடு சேர்ந்து ஸ்ட்ரான்சியம் மோனோகுளோரைடாக இருக்கும்போதுதான் ஆழ்ந்த சிவப்பு கிடைக்கிறது. குளோரின் போதாவிட்டால் ஹைட்ராக்சைடு மூலக்கூறு மேலோங்கும். அதன் பட்டை 605 நானோமீட்டர் பக்கம் இருப்பதால் சிவப்பு செம்மஞ்சளாக நீர்த்துப்போகும். பச்சைக்குப் பேரியம். சிவகாசிப் பேச்சில் பேரியம் நைட்ரேட்டுக்குப் பச்சை உப்பு என்றே பெயர். இங்கும் நல்ல பச்சையைத் தருவது பேரியம் மோனோகுளோரைடு. அதன் பட்டைகள் 507 முதல் 532 நானோமீட்டர் வரை பரவியுள்ளன. இந்த மூலக்கூறைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது. சாதாரண வெப்பநிலையில் அது இருப்பதே இல்லை. சுடரில் பிறந்து, ஒளிர்ந்து, சுடரிலேயே மறைகிறது. ஆகவே கலவையில் வைக்கப்படுவது நிறமன்று. நிறம் பிறப்பதற்கான சூழ்நிலை. பொட்டாசியம் குளோரேட்டின் வருகையால் நிறங்கள் பொலிந்ததன் காரணமும் அதுதான்: அது ஆக்சிஜனோடு குளோரினையும் சுடருக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் குளோரினைத் தர மட்டும் தனிப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அந்த வேலையைப் பாதரசத்தின் குளோரைடான கேலமெல் செய்தது. அதன் நச்சுத்தன்மை புரிந்த பிறகு பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்குகளும் குளோரின் ஏற்றிய ரப்பர்களும் இடம்பிடித்தன.

மஞ்சள் எளிது, மிக எளிது என்பதே அதன் தொல்லை. சோடியம் அணுவின் ஒளி அவ்வளவு வலிமையானது. வேறு நிறத்துக்கான கலவையில் சோடியம் மாசாக மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும் சிவப்பு ஆரஞ்சாகும், பச்சை வெளிறும், நீலம் தெரியாமலே போகும். பட்டாசுத் தொழிலில் மூலப்பொருளின் தூய்மைக்குத் தரும் விலையில் ஒரு பகுதி, சமையல் உப்பின் தனிமத்தை வெளியே நிறுத்தத் தரும் விலைதான்.

நீலம் வேறு கதை. வாணவேடிக்கையில் ஒருவரது திறமையை எடைபோட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நீலத்தை. நீலத்துக்கு வேண்டியது செம்பு. ஒளிர்வது செம்பு மோனோகுளோரைடு. இதன் பட்டைகள் 420 முதல் 460 நானோமீட்டர் வரை, ஊதாவை ஒட்டிய பகுதியில் விழுகின்றன. தடை இரண்டு. முதல் தடை சுடரில் உள்ளது. இந்த மூலக்கூறு வெப்பம் கூடக்கூடச் சிதைகிறது. சிதைந்த செம்பு ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் சேர்ந்து பச்சையும் செம்மையும் உமிழும். நீலத்தின் மேல் அவை படிந்து சாம்பல் வெள்ளையாக்கிவிடும். சுடரை ஆற்றினாலோ ஒளி மங்குகிறது. பிரகாசம் வேண்டுமானால் வெப்பம் வேண்டும். நிறம் வேண்டுமானால் வெப்பம் கூடாது. சிவப்புக்கும் பச்சைக்கும் வெப்பத்தைக் கூட்ட ஓரளவு இடம் உண்டு. நீலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டாவது தடை பார்ப்பவரின் கண்ணில் உள்ளது. மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சைக்கு அதிக உணர்திறன் காட்டுகிறது. 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கே. ஒரே அளவு ஆற்றலைப் பச்சையாகவும் நீலமாகவும் வெளியிட்டால் பச்சை இருபது மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தோன்றும். கருவானத்தின் முன்னே நீலம் அடங்கித் தெரிவதில் மருந்து செய்தவரின் குற்றம் பாதிதான்.

இந்த நீலத்துக்காக ஒரு காலத்தில் கொடுத்த விலை கொஞ்சமன்று. 19ஆம் நூற்றாண்டில் நல்ல நீலம் தந்த பொருள் ‘பாரிஸ் பச்சை’ எனப்பட்ட செம்பு–ஆர்சனிக் சேர்மம். சுவர்த்தாளுக்கு வண்ணமாகவும் பயிருக்குப் பூச்சிமருந்தாகவும் அன்று புழங்கிய அதே நஞ்சு. எரியும்போது ஆர்சனிக் புகையாகும். மருந்தைக் கையாள்பவரின் தோலிலும் மூச்சிலும் ஏறும். இன்று செம்பின் ஆக்சைடு, கார்பனேட் போன்ற எளிய சேர்மங்களே அந்த இடத்தில் உள்ளன. பழைய நீலத்தைப் பார்த்தவர்கள் இன்றைய நீலம் அதற்கு ஈடாகாது என்று சொல்வதுண்டு. ஈடாகாவிட்டாலும் நட்டமில்லை. ஊதா இன்னும் நுட்பமானது: ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பும் செம்பின் நீலமும் ஒரே சுடரில் சரியாக நின்றால்தான் அது ஊதா, சற்றுப் பிசகினால் மங்கிய ரோஜா.

1860களில் மக்னீசியமும் நூற்றாண்டின் இறுதியில் மலிவான அலுமினியமும் வந்து சேர்ந்தபோது பிரகாசம் பலமடங்கு உயர்ந்தது. கூடவே புதிய கோளாறும் வந்தது. உலோகம் எரிந்தால் உண்டாகும் ஆக்சைடு சுடரின் வெப்பத்திலும் ஆவியாகாமல் துகளாக நின்று வெண்ணொளி வீசும். நிறப்பட்டை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் இந்த வெண்மை அதில் பால்கலந்தாற்போல் கலந்து வெளுப்பாக்கும். சுடரில் குளோரின் தாராளமாக இருந்தால் மக்னீசியம் ஆக்சைடின் ஒரு பகுதி ஆவியாகக்கூடிய குளோரைடாக மாறி வெண்மை குறைகிறது. ஜப்பானிய வேதியியலார் ஷிமிசு தக்கேயோ தம் ஆய்வுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1981இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. கைரேகை போல ஊர் ஊராக மாறிய பழைய பட்டறை வழக்கங்களை அளந்து எழுதிய முதல் சிலருள் அவர் ஒருவர்.

இனி வேகம். மணிமருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் எரிவதில்லை. மேற்பரப்பில் பற்றி, அடுக்கடுக்காக உள்நோக்கி எரிகிறது. ஆகவே அது எத்தனை வினாடி வானில் நிற்கும் என்பதை ஆரத்தை எரிவேகத்தால் வகுத்தால் அறியலாம். ஒரு கலவை வினாடிக்கு 3 மில்லிமீட்டர் எரிகிறது என்று கொண்டால், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை 2 வினாடியில் தீரும். அதை 3 வினாடி நிறுத்த விட்டத்தை 18 மில்லிமீட்டர் ஆக்க வேண்டும். அப்போது எடை மூன்று மடங்குக்கும் மேலாகிறது. ஒரு வினாடியின் விலை அவ்வளவு! உருண்டை எரிந்து சிறுத்து ஆரம் பாதியாகும்போது மேற்பரப்பு கால் பங்காகிவிடும். ஒளியும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். வானில் மணி சுருங்கி மங்குவது போலத் தெரிவதற்குத் தூரம் மட்டும் காரணமன்று.

எரிவேகத்தைத் தீர்மானிப்பவை பல. துகள்கள் எவ்வளவு நுண்மையோ, ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் எவ்வளவு நெருங்கிக் கலந்துள்ளனவோ, வேகம் அவ்வளவு கூடும். திட்டமிட்டதைவிடச் சற்று நுண்மையாகத் தூளாக்கப்பட்ட அதே பொருள்கள், அதே எடையில், எதிர்பாராத வேகத்தில் எரியும். எந்த ஆக்சிஜனேற்றி என்பதும் முக்கியம்: நைட்ரேட்டுகளைச் சிதைக்க அதிக வெப்பம் வேண்டும், குளோரேட்டு சிதையும்போதே வெப்பத்தை வெளியிடும், பெர்குளோரேட்டு இரண்டுக்கும் நடுவே நின்று, ஓரளவு நிதானமும் போதிய குளோரினும் தரும். 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் குளோரேட்டின் இடத்தைப் பெர்குளோரேட்டு பிடித்ததற்கு இதுவே காரணம். மணியை உருவாக்கப் பயன்படும் பசை, உள்ளே எஞ்சிய ஈரம், அழுத்தத்தால் வந்த அடர்த்தி, சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. நிறம் தரும் உப்புகளிலும் கார்பனேட்டு போன்றவை சுடரில் சிதைய வெப்பத்தை உறிஞ்சுவதால் வேகத்தைத் தணிக்கும். சிவப்பு கூட்டப்போய் மணி சோம்பிப்போவது இதனால்தான். ஒன்றை மாற்றினால் மற்றவை இருந்த இடத்தில் இரா. ஒரு பட்டறையில் ஒத்துவந்த அளவு, வேறு ஊர்க் கரியையோ வேறு ஆலையின் உப்பையோ கொண்டு செய்தால் வேறாக எரிவதும் இந்தக் காரணத்தால்தான். பட்டறையின் இரகசியம் என்று பரம்பரையாகப் பேசப்படுவது பெரும்பாலும் மூலப்பொருளின் இரகசியமே.

வானில் இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. மணிகளைச் சுமந்து சென்ற ஷெல் என்ற கூடு வெடித்ததும் அவை பெருவேகத்தில் நாலாபுறமும் தெறிக்கும். எதிர்க்காற்று அவற்றின் மேற்பரப்பைக் குளிர்விக்கும். மெதுவாக, தணிந்த வெப்பத்தில் எரியும் கலவை பற்றாமலே இருட்டாக விழுந்துவிடலாம். நீலமணிகள் இதில் அடிக்கடி தோற்கும். அதனால் எளிதில் பற்றும் கரிமருந்து சார்ந்த ஒரு மேற்பூச்சு தரப்படுகிறது. அந்தப் பூச்சு எரியும் கணத்தில்தான் வெடிப்பின் நடுவே செம்பொன் வளையம் ஒன்று மின்னி மறைகிறது. அதைக் கடந்த பிறகே உண்மையான நிறம்.

ஜப்பானியச் செவ்வந்திப்பூ ரகம் இந்த அறிவெல்லாம் ஒன்றுகூடும் இடம். மெய்ஜி காலத்தில் குளோரேட்டும் உலோக உப்புகளும் இறக்குமதியான பிறகு, அந்நாட்டார் தங்கள் பழைய உருண்டைக் கைத்திறனில் புது நிறங்களை ஏற்றினார்கள். சீரக மிட்டாய்க்குப் பாகு ஏற்றுவது போல, சுழலும் பாத்திரத்தில் சிறு கருவின்மேல் மருந்தை அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வோர் அடுக்கையும் உலர்த்தி, வாரக்கணக்கில் வளர்த்தெடுக்கப்படும் மணி அது. அடுக்கின் நிறத்தை மாற்றினால் வானில் பூ விரியும்போதே சிவப்பு பச்சையாகும், பச்சை வெள்ளையாகும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆரத்தின் வெளிப்பாதி ஒரு நிறம், உட்பாதி வேறு நிறம் என்று செய்தால் இரண்டும் ஒரே நேரம்தான் எரியும். ஆனால் மொத்த மருந்தில் எட்டில் ஏழு பங்கு வெளிநிறத்துக்குப் போய்விடும். உள்நிறத்துக்கு மிஞ்சுவது எட்டில் ஒன்று. அந்தச் சிறு மையம் பார்வையாளருக்குத் தெரிய வேண்டுமானால் அது வெளியடுக்கைவிடப் பன்மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். எல்லா மணிகளும் ஒரே நொடியில் நிறம் மாறினால்தான் அது செவ்வந்தி. ஒரு மணி அரை வினாடி பிந்தினாலும் கூட்டத்தின் கண்ணில் உறுத்தும். ஒவ்வொரு மணியும் ஒரே அளவு, ஒரே அடர்த்தி, ஒரே வேகம் என்ற இந்தக் கண்டிப்பில்தான் ஜப்பானியரின் பெயர் நிற்கிறது. வேகத்தை மறுகோடிக்கு இழுத்தால் வருவது ‘கமுரோ’ போன்ற ரகம்: கரி மிகுந்த மணி, பல வினாடி பொன்னிழையாய்த் தொங்கிக் கீழிறங்கும். விட்டுவிட்டு மின்னும் மணிகள் தனி இனம். ஒளியின்றிப் புகைந்து வெப்பம் சேர்த்து, ஓர் எல்லையை எட்டியதும் மின்னி, மீண்டும் புகையத் தொடங்கும் இருநிலை எரிவு அது. வேதியியலாருக்கு இன்றும் முழுதாகப் பிடிபடாத ஒன்று.

இவ்வளவு காரணிகள் ஒன்றையொன்று இழுக்கும் பொருளை வீட்டுக் கொல்லையில் மாற்றிப் பார்க்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்தது, இருக்கிறது. மால்ட்டா தீவில் ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்கான வாணங்களை, பகலில் வேறு வேலை செய்யும் தன்னார்வலர்களே கூடிச் செய்கிறார்கள். ஊருக்கு ஊர் போட்டி. நிறத்தில் வெல்வது மானப் பிரச்சினை. 2010இல் அந்நாட்டின் கோசோ தீவில் கார்ப் என்ற ஊரில் நடந்த ஒரே விபத்தில் 6 பேர் இறந்தார்கள். அதையடுத்து அரசு அறிவியல் விசாரணைக் குழு அமைத்தது. விபத்துகளின் வேதியியல் புதிதன்று. கந்தகத்தில் காற்றாலும் ஈரத்தாலும் தோன்றும் சிறு அமிலத்தன்மை குளோரேட்டைத் தாக்கினால், யாரும் தொடாமலே கலவை பற்றக்கூடும். உராய்வு சற்றே போதும். உலோகத் தூள் கலந்த நைட்ரேட்டு மருந்து ஈரமாக இருந்தால் உள்ளுக்குள் வெப்பம் ஊறும். குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேறாது. பிரித்தானியா 1894இலேயே கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவையைத் தடை செய்தது. இந்தியாவில் அந்தத் தடை 1992இல்தான் வந்தது.

சிவகாசியில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அங்குள்ள வறண்ட காற்று உதவியது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அடித்தளத்தில் பட்டாசு பின்னர் எழுந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்திலிருந்து வரும் விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று தெரிந்திருக்கும்: “மணிமருந்து உலர வைத்தபோது”, “மருந்துக் கலவை அறையில் உராய்வு ஏற்பட்டு” என்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன விபத்து நடந்ததும் பேன்சி ரகம் செய்யும் ஆலையில்தான். ஆகவே சட்டம் இதில் பொழுதுபோக்குக்கு இடம் வைக்கவில்லை. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமம் பெற்ற ஆலையிலும் கலவை அறைக்கும் மணி உலர்த்தும் மேடைக்கும் இடையே எவ்வளவு தூரம், ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் விதியில் எழுதப்பட்டுள்ளன. அந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விபத்து உண்டு என்று கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் நிறத்தின்மேல் விழுந்த பெரிய அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. உச்ச நீதிமன்றம் 2017இல் லித்தியம், ஆன்டிமனி, பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவற்றைப் பட்டாசில் தடை செய்தது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பேரியத்தைத் திருத்திய வடிவில் பயன்படுத்த அனுமதி கேட்ட மனுவையும் 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பச்சை நிறம் ஒன்றின் இழப்பு போலத் தோன்றும். தொழிலில் இருப்பவர்களுக்கு அடி அதைவிட ஆழமானது. பச்சை உப்பு நிறப்பொருள் மட்டுமன்று, ஆக்சிஜனேற்றியும் அதுவே. கம்பி மத்தாப்பு முதல் பூச்சட்டி வரை, பச்சையே வராத பல ரகங்களிலும் நிதானமாக எரியச் செய்தது அதுதான். அதை எடுத்துவிட்டு வேறு நைட்ரேட்டை வைத்தால் வேகம் மாறுகிறது, வெப்பம் மாறுகிறது, பொறியின் நீளம் மாறுகிறது. நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கி 2019இல் வெளியிட்ட பசுமைப் பட்டாசு வாய்பாடுகள் புகைத்துகளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. ஒலி ரகங்களில் அவை எளிதில் பொருந்தின. வானில் நிறம் காட்ட வேண்டிய பேன்சி ரகங்களில் பேரியமின்றிப் பச்சை கொண்டுவருவது இன்னும் கடினமாகவே உள்ளது.

குளோரினும் விசாரணைக் கூண்டில்தான் நிற்கிறது. பெர்குளோரேட்டு நீரில் கரைந்து நிலைத்திருக்கும். தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஏடா என்ற ஊரின் ஏரியில், ஜூலை 4 வாணவேடிக்கைக்குப் பிறகு 14 மணி நேரத்துக்குள் பெர்குளோரேட்டு அளவு வழக்கத்தைவிட 24 முதல் 1,028 மடங்கு வரை உயர்ந்ததாக ஆய்வாளர் அளந்தனர். பழைய அளவுக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் ஆயிற்று. இத்தகைய கவலைகளால் அமெரிக்க இராணுவத்தின் பிக்காட்டினி ஆய்வகமும் மியூனிக் பல்கலைக்கழகமும் குளோரினும் பேரியமும் இல்லாத நிறச்சுடர்களைத் தேடின. 2014இல் செம்பு அயோடைடால் நீலமும், அடுத்த ஆண்டில் குளோரினற்ற சிவப்பும் சாத்தியம் என்று காட்டப்பட்டது. பழைய பாடத்தில் குறையாகச் சொல்லப்பட்ட அதே ஸ்ட்ரான்சியம் ஹைட்ராக்சைடையே இந்தச் சிவப்பில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பச்சைக்கு அவர்கள் கண்ட மாற்று போரான். எரியும் போரான் உண்டாக்கும் டையாக்சைடு மூலக்கூறு குளோரின் துணையின்றியே பச்சைப் பட்டைகளை உமிழ்கிறது. ஆனால் படிகமற்ற போரான் தூள் தாங்கமுடியாத வேகத்தில் எரிந்தது. நிறம் நன்றாக இருந்தும், இராணுவக் கைச்சைகைச் சுடருக்கு வேண்டிய நேரம் நிற்கவில்லை. படிகப் போரானைச் சேர்த்தபோது வேகம் தணிந்தது. பிறகு போரான் கார்பைடை எடுத்துப் பார்த்தார்கள். உரசல் தாள்களிலும் குண்டு துளைக்காத கவசங்களிலும் பயன்படும் அந்தக் கடினப் பொருள் மெதுவாக எரிந்தது, பச்சையும் குலையவில்லை. 2011இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அதைப் பச்சை ஒளி தரும் பொருளாகவும் எரிவேகத்தைச் சீர்செய்யும் பொருளாகவும் ஒருசேர அறிமுகப்படுத்தியது. கைச்சைகைச் சுடர் ஒரு குழாய்க்குள் அமைதியாக எரிவது. காற்றைக் கிழித்துப் பறக்கும் மணியில், பேன்சி ரகத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில், அதே பச்சையைக் கொண்டுவரும் வேலை மிச்சமிருக்கிறது.